கால் ஆணி இல்லை, மெலனோமாவாம்: புரதத்தை அடைக்கும் மாத்திரையை உடனே கொடுத்துப் பார்த்தால் என்ன?

தாமிரபரணி_தம்பி | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். நான் இங்கே கிரிக்கெட் இழைகளில் மட்டும் சண்டை போடுகிறவன். உடல்நலப் பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக எதையாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்கு வயது 61. வாழை விவசாயம். இடது குதிகாலில் கருப்பாக ஒரு தடிப்பு வந்து ஒன்றரை வருடம் இருக்கும். கால் ஆணி என்று சொல்லி, பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் இரண்டு தடவை செதுக்கிவிட்டார்கள். செதுக்கியதை எங்கேயும் அனுப்பிப் பார்க்கவில்லை, குப்பைத் தொட்டியில் போட்டார்கள். போன மாதம் இரத்தக் கசிவு நிற்காமல் போன பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனோம். பயாப்ஸியில் மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்லில் வருகிற புற்று, என்று வந்திருக்கிறது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு புள்ளி.

மச்சினன் ஒரு வீடியோ அனுப்பினான். இந்தப் புற்றுச் செல்லுக்கு "வளர், வளர்" என்று கட்டளை கொடுக்கிற ஒரு புரதம் இருக்கிறதாம், அதை அடைக்கிற மாத்திரை இருக்கிறதாம், கட்டிகள் இரண்டு வாரத்தில் கரைந்துவிடுமாம். டாக்டரிடம் கேட்டால் மாத்திரை இருப்பது உண்மைதான் என்கிறார். ஆனால் எழுதித் தரமாட்டேன் என்கிறார். பயாப்ஸிக் கட்டியை மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஒன்றரை வருடம் ஏற்கெனவே வீணாகிவிட்டது. மாத்திரை கையில் இருக்கும்போது இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் பணம்தானே நஷ்டம்?

கேள்விக்கொடுக்கு | ஞாயிறு, இரவு 10:02

தம்பி, வாரத்துக்கு ஒரு புரதத்தை அடைக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு புற்றுநோய் கரைகிறது. எல்லாம் எலிக்கும் கண்ணாடித் தட்டுக்கும்தான். வீடியோவை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள்.

பாரஃபின்_கட்டி | ஞாயிறு, இரவு 11:15

கொடுக்கு சொல்வதும் தப்பு, தம்பி கேட்பதும் தப்பு. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாகத் திசு வெட்டும் வேலை. டாக்டர் இல்லை. ஆனால் உங்கள் சித்தப்பாவுடையதைப் போன்ற கட்டிகள் என் கையில்தான் முதலில் வந்து விழும்.

மாத்திரை உண்மை. எலிக் கதை இல்லை, மனிதர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகக் கொடுத்து வருகிறார்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வீடு என்பதால் வாய்க்காலை வைத்தே சொல்கிறேன். செல்லுக்கு வெளியிலிருந்து "வளரலாம்" என்ற செய்தி வந்தால் ராஸ் என்ற புரதம் தலைமடை மாதிரித் திறக்கும். அது ராஃப் என்ற அடுத்த மடையைத் திறக்கும், அது மெக், மெக் திறந்தால் எர்க். எர்க் வரை தண்ணீர் போனால் செல் பிளவுபடும். வேலை முடிந்ததும் எல்லா மடையும் மூடிக்கொள்ளும்.

மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில், ராஃப் குடும்பத்தைச் சேர்ந்த பிராஃப் என்ற புரதத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. 766 அமினோ அமிலம் கொண்ட சங்கிலியில் 600ஆவது இடத்தில் வேலின் இருக்க வேண்டும், அங்கே குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்திருக்கும். வி600இ என்பது அதைத்தான். அந்த ஒரு மாற்றத்தால் மடை திறந்த நிலையிலேயே இறுகிவிடும். தலைமடை மூடியிருந்தாலும் இது தானாகப் பாயும். வெமுராஃபெனிப், டப்ராஃபெனிப் இரண்டும் இந்த இறுகிய மடையில் பலகை அடிக்கிற மருந்துகள்.

இப்போது உங்கள் கேள்வி. பிழை இல்லாத பிராஃபுக்கு இதே மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? "ஒன்றும் ஆகாது" என்றுதானே நினைக்கிறீர்கள். ஒன்றும் ஆகாமல் இருந்தால் பரவாயில்லையே. சில செல்களில் அது வளர்ச்சியைத் தூண்டிவிடும்.

கேள்விக்கொடுக்கு | ஞாயிறு, இரவு 11:21

அடைக்கிற மருந்து எப்படித் தூண்டும்? அக்கா, இதுதான் இந்தத் துறையில் எனக்குப் பிடிக்காதது. வேலை செய்தால் மருந்து, செய்யாவிட்டால் "உயிரியல் சிக்கலானது".

பயோடெக்_பாலா | திங்கள், காலை 7:48

இதற்கு நான் பதில் சொல்லலாமா? முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம் இந்தச் சங்கிலியோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

சாதாரண ராஃப் தனியாக வேலை செய்யாது. ஜோடி சேரும், ஒரு நுகத்தில் இரண்டு மாடு மாதிரி. ராஸ் திறந்தால்தான் ஜோடி சேரும். வி600இ மட்டும் ஒற்றை மாடு. அதற்கு நுகமும் வேண்டாம், ஓட்டுகிறவனும் வேண்டாம், தானாக இழுக்கும். வெமுராஃபெனிப் அந்த ஒற்றை மாட்டைப் பிடித்து நிறுத்தும், வண்டி நின்றுவிடும். ஆனால் ராஸில் பிழை உள்ள செல்லில் ஜோடி மாடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே மருந்து ஒரு மாட்டின் மேல் போய் உட்கார்ந்தால், அந்த மாடு நிற்கும், ஆனால் பக்கத்து மாட்டை உசுப்பிவிடும். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததைவிட வேகமாக அது ஒன்றே இழுக்கும். 2010-இல் மூன்று தனித்தனி ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் காட்டின.

தட்டில் மட்டும்தான் இப்படி என்று கொடுக்கு சொல்வார், அதனால் ஒரு மனிதரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் மருத்துவ இதழில் வந்தது. 76 வயதுப் பெரியவருக்கு மெலனோமாவுக்காக வெமுராஃபெனிப் கொடுத்தார்கள். அவர் உடம்பில் என்ராஸ் (ராஸ் குடும்பத்தில் ஒன்று) பிழை கொண்ட ஒரு வகை இரத்தப் புற்றும் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. மாத்திரை கொடுத்ததும் வெள்ளணு எண்ணிக்கை ஏறியது. நிறுத்தினால் இறங்கியது. திரும்பக் கொடுத்தால் திரும்ப ஏறியது. மெலனோமா அதே மாத்திரைக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது! ஒரே மனிதர், ஒரே மாத்திரை, ஒரு புற்றுக்கு பிரேக், இன்னொன்றுக்கு ஆக்சிலரேட்டர்.

தம்பி, "பணம்தானே நஷ்டம்" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி_தம்பி | திங்கள், காலை 8:30

வாங்கிக்கொண்டேன் அண்ணா. டாக்டர் இதை இப்படிச் சொல்லியிருந்தால் நான் அவரிடம் குரலை உயர்த்தியிருக்கமாட்டேன். "முறைப்படி சோதனை தேவை" என்று மட்டும்தான் சொன்னார்.

கடைசி_பெஞ்ச் | திங்கள், காலை 9:05

அவர் பாவம், வெளியே எண்பது பேர் டோக்கனோடு நின்றிருப்பார்கள்.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். பாதி மெலனோமாவில் இருக்கிறது என்றால் அந்தப் பிழை வந்தாலே புற்றுதானா? எனக்கு உடம்பெல்லாம் மச்சம்.

பயோடெக்_பாலா | திங்கள், காலை 9:32

பயப்படாதீர்கள். சாதாரண மச்சங்களை எடுத்துச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில், 80 சதவீதம் வரை, இதே வி600இ இருந்தது. 2003-இலேயே வந்த கண்டுபிடிப்பு. மச்சம் என்பதே அந்தப் பிழையால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, பிறகு செல்லின் உள்காவல் பிடித்து உட்கார வைத்த கூட்டம்தான். அறுபது வருடம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் காவலும் போனால்தான் தொல்லை. அதாவது பிராஃப் பிழை தனியாக ஒன்றும் செய்துவிடாது, அதற்குக் கூட்டாளி வேண்டும்.

மெல்பர்ன்_மதினி | திங்கள், பகல் 1:20

இழையை இப்போதுதான் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். உலகிலேயே மெலனோமா அதிகம் வருகிற நாடுகளில் இது ஒன்று என்பதால் இந்த மாத்திரைகள் எங்களுக்கு அன்றாடம்.

கொடுக்கு அவர்களுக்கு: நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பரவிய மெலனோமாவுக்கு டகார்பசின் ஊசிதான். 1970-களின் மருந்து. பத்துப் பேருக்குப் போட்டால் ஒருவருக்குச் சுருங்கினால் பெரிது. நாங்களே நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டோம். அப்புறம் வெமுராஃபெனிப் வந்தது. முதன்முதலில் நான் மாத்திரை எடுத்துக் கொடுத்த ஒருவருக்கு அக்குளில் எலுமிச்சை அளவுக் கட்டி, கையைக் கீழே இறக்க முடியாமல் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 240 மில்லிகிராம் மாத்திரை, காலையில் நான்கு, இரவில் நான்கு. பதினோராம் நாள் ஓபிக்கு வந்தவர் தலையணையைக் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சிரித்தார். கை இறங்கியிருந்தது.

பக்கவிளைவு என்று வீடியோக்காரர்கள் சொல்லாதது ஒன்று. அதே மனிதர் ஒரு மாதம் கழித்து வலது முழங்கை முதல் மணிக்கட்டு வரை வெந்துபோய் வந்தார். இடது கையில் ஒன்றுமே இல்லை. வெயிலில் நின்றீர்களா என்றால் இல்லை, காருக்குள்தானே இருந்தேன் என்கிறார். இங்கேயும் நம் ஊர் போல ஸ்டியரிங் வலது பக்கம். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே வருகிற புற ஊதா ஏ கதிரே போதும், வெமுராஃபெனிப் சாப்பிடுகிறவர் தோலை வேக வைக்க.

கேள்விக்கொடுக்கு | திங்கள், மாலை 6:10

மதினி, மதிக்கிறேன். ஆனால் அந்த மனிதர் இப்போது எங்கே?

மெல்பர்ன்_மதினி | திங்கள், மாலை 6:44

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எட்டு மாதம் நன்றாக இருந்தார். பேத்தி பிறந்ததைப் பார்த்தார். ஒன்பதாம் மாதம் அதே அக்குளில் திரும்ப வந்தது, மூளையிலும் வந்தது.

கேள்விக்கொடுக்கு | திங்கள், மாலை 7:15

மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் சொல்ல வந்ததும் இதுதான். என் அக்காவுக்கு நாள்பட்ட இரத்தப் புற்று. அவளும் ஒரு புரதத்தை அடைக்கிற மாத்திரைதான் சாப்பிடுகிறாள், இமாட்டினிப். பதினான்கு வருடம் ஆகிறது. தினமும் ஒன்று, இட்லி சாப்பிட்ட கையோடு. அவளுக்கு அது மருந்து. ஆறு எட்டு மாதத்தில் திரும்பி வருவதை எப்படி மருந்து என்பது?

பயோடெக்_பாலா | திங்கள், இரவு 10:25

இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், தூக்கம் வருகிறவர்கள் போய்விடலாம்.

2002-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்துக் குழு பிராஃப் பிழையைக் கண்டுபிடித்தபோது எல்லோருக்கும் உங்கள் அக்காவின் மாத்திரைதான் மனதில் இருந்தது. இமாட்டினிப் அனுமதி பெற்று அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இன்னொரு இமாட்டினிப் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். முதலில் சொரஃபெனிப் என்ற மருந்தை மெலனோமாவில் முயன்றார்கள், அது பத்துப் புரதங்களைத் தொடுமே தவிர பிராஃபை உருப்படியாக அடைக்காது, தோற்றது. பிறகு கலிஃபோர்னியாவின் பிளெக்சிகான் நிறுவனம் வி600இ-க்கு என்றே பொருந்துகிற மூலக்கூறைச் செய்தது. அதுதான் வெமுராஃபெனிப். பெயரிலேயே வி-யும் மு-வும் ராஃபும் இருக்கின்றன பாருங்கள். அதுவும் முதலில் படுத்துவிட்டது. மருந்தளவை ஏற்றிக்கொண்டே போனார்கள், கட்டி அசையவில்லை. பார்த்தால் மருந்தில் குறையில்லை, மாத்திரையில்தான் குறை. குடல் அதை உறிஞ்சவே இல்லை. தூளை வேறு விதமாகச் செய்து திரும்பக் கொடுத்தார்கள். 32 பேரில் 26 பேருக்குக் கட்டி சுருங்கியது.

அடுத்து 675 பேரை வைத்துப் பெரிய சோதனை. பாதிப் பேருக்கு டகார்பசின், பாதிப் பேருக்கு இது. ஆறாம் மாதம் உயிரோடு இருந்தவர்கள் 64 சதவீதம், 84 சதவீதம். கட்டி சுருங்கியது 5 சதவீதம், 48 சதவீதம். இடையிலேயே கணக்குப் பார்த்து, டகார்பசின் வாங்கியவர்களுக்கும் மாத்திரைக்கு மாற வழி திறந்துவிட்டார்கள். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி.

ஆனால் நோய் மறுபடி முன்னேறுவதற்கு ஆன காலத்தின் நடு அளவு 5.3 மாதம்தான். இங்கேதான் உங்கள் அக்காவும் மதினியின் நோயாளியும் பிரிகிறார்கள். நாள்பட்ட இரத்தப் புற்று ஆரம்பக் கட்டத்தில் ஏறக்குறைய ஒரே ஒரு பிழையை நம்பி ஓடுகிறது. மெலனோமா வெயிலில் அடிபட்ட தோலிலிருந்து வருகிறபோது ஆயிரக்கணக்கான மரபணுப் பிழைகளோடு வருகிறது. ஒரு கட்டிக்குள்ளேயே பல கூட்டம். மாத்திரை வந்ததும் பெரும்பாலானவை சாகும். எங்கேயோ ஒரு மூலையில் என்ராஸ் பிழையோடு ஒன்று, மெக் பிழையோடு ஒன்று, பிராஃபையே பத்துப் பங்கு கூடச் செய்து வைத்திருக்கிற ஒன்று. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏ375 என்று ஒரு மெலனோமாச் செல் வரிசை, வி600இ உள்ளது, உலகத்தில் பாதி ஆய்வகங்களில் வளர்கிறது. மருந்து போட்ட மூன்றாம் நாள் தட்டைப் பார்த்தால் பாலைவனம் மாதிரி இருக்கும். மீதமுள்ள செல்கள் தட்டையாக விரிந்து, அரிசி மாவுக் கோலம் காய்ந்தது போல அசையாமல் கிடக்கும். பத்து நாள், பதினைந்து நாள், ஒன்றும் இல்லை. மருந்துள்ள ஊடகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பேன். ஐந்தாம் ஆறாம் வாரம் ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டம் தெரியும். ஊதாச் சாயம் போட்டால் தட்டில் ஏழெட்டுப் புள்ளி. அந்தப் புள்ளிகள்தான் மதினியின் நோயாளிக்கு ஒன்பதாம் மாதம் வந்தவை. என் கைடு அந்தத் தட்டைக் கழுவ விடமாட்டார். அலமாரியில் வைத்திருந்தார்.

மெல்பர்ன்_மதினி | செவ்வாய், காலை 5:50

அதனால்தான் இப்போது யாரும் ஒற்றை மாத்திரை கொடுப்பதில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் பாலா. பிராஃபோடு அடுத்த மடையான மெக்கையும் அடைக்கிறோம். டப்ராஃபெனிப், டிராமெடினிப் ஜோடிக்கு 2014 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி வந்தது. 563 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் 34 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். டகார்பசின் காலத்தில் நாங்கள் கனவிலும் பார்க்காத கணக்கு இது. கொடுக்கு தம்பிக்கு இது போதாது என்று தெரியும், எனக்கும் போதாதுதான்.

இன்னொரு வேடிக்கை. பிராஃபை மட்டும் அடைத்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தோலில் வேறு வகைக் கட்டி முளைத்தது, செதில்செல் புற்று. வெட்டி எடுத்தால் சரியாகிவிடும், ஆனாலும் புற்று மருந்து புற்றைத் தருகிறதே என்று நோயாளிகள் அலறுவார்கள். அந்தக் கட்டிகளைச் சோதித்தால் பாதிக்கு மேல் ராஸ் பிழை. பாலா சொன்ன பக்கத்து மாட்டுக் கதைதான், வெயிலில் ஏற்கெனவே ராஸ் கெட்டுப்போன தோல் செல்லை மாத்திரை உசுப்பிவிட்டது. மெக்கையும் சேர்த்து அடைத்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டாவது மருந்தைச் சேர்த்தால் பக்கவிளைவு கூடும் என்றுதானே நினைப்போம், இங்கே ஒரு பக்கவிளைவு குறைந்தது.

பதிலுக்குக் காய்ச்சல் வந்தது. ஜோடி மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் நடுங்கிக்கொண்டு வருவார்கள். கிருமிக் காய்ச்சல் இல்லை என்று உறுதியானால் மாத்திரையை நிறுத்தி, காய்ச்சல் விட்டு ஒரு நாள் கழித்துத் திரும்பத் தொடங்குவோம். நம் ஊரில் டெங்கு, டைஃபாய்டு என்று முதலில் பார்த்துவிட வேண்டும், அதில் விளையாடக் கூடாது.

மருந்துக்கடை_மாமா | செவ்வாய், காலை 8:15

ஒரு இடைச்செருகல். டிராமெடினிப் ஃபிரிட்ஜில் வைக்கிற மாத்திரை. டப்ராஃபெனிப் வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து. சோற்றுக்கு அப்புறம்தான் மாத்திரை என்று நாற்பது வருடமாகப் பழகியவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும்.

பயோடெக்_பாலா | செவ்வாய், இரவு 9:10

மதினி, ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தட்டில் மருந்தை எதிர்த்து வளர்ந்த செல்களிலிருந்து மருந்தை எடுத்துவிட்டால் அவையே செத்துப்போகும். மருந்துக்கு அடிமையாகிவிடுகின்றன, மருந்து இல்லாமல் எர்க் அளவுக்கு மீறிப் பாய்ந்து மூச்சு முட்டுகிறது. எலியிலும் 2013-இல் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் மூன்று வாரம் கொடுத்து, இடையில் நிறுத்தி, திரும்பக் கொடுத்தால் எதிர்ப்பு வராமல் தள்ளிப்போடலாமே? செலவும் குறையும். நம் ஊருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

மெல்பர்ன்_மதினி | புதன், காலை 6:05

செய்து பார்த்துவிட்டார்கள் பாலா. 2020-இல் முடிவு வந்தது. முதல் எட்டு வாரம் எல்லோருக்கும் ஜோடி மாத்திரை. பிறகு ஒரு குழுவுக்கு இடைவிடாமல், ஒரு குழுவுக்கு விட்டு விட்டு. நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் நடு அளவு: இடைவிடாமல் சாப்பிட்டவர்களுக்கு 9 மாதம், விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு 5.5 மாதம்.

பயோடெக்_பாலா | புதன், காலை 7:30

சரி. வாயை மூடிக்கொள்கிறேன்.

கேள்விக்கொடுக்கு | புதன், காலை 7:41

நான் சொல்ல வேண்டியதை மதினியே சொல்லிவிட்டார். எலிக்கும் தட்டுக்கும்தான்.

ஆனால் நான் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நேற்று அக்காவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "எனக்குக் கிடைத்தது ஒற்றை மாடுடா" என்றாள். முதல் பதிவில் நான் எழுதியது கொஞ்சம் அதிகம்தான்.

பாரஃபின்_கட்டி | புதன், இரவு 10:50

தம்பிக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. இதுவரை பேசியதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலில், வெயில் பட்ட முதுகிலும் கையிலும் வருகிற மெலனோமா. சித்தப்பாவுக்கு வந்தது உள்ளங்கால் வகை. பாட்டுக்காரர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வந்ததும் இந்த வகைதான். அவர் 36 வயதில் போனார். கருத்த தோல்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம், வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகம். இதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் குறைவு. பிராஃப் பிழையும் குறைவு, ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இருந்தால் உண்டு. கிட் என்ற வேறு புரதத்தில் சிலருக்குப் பிழை இருக்கும், அவர்களில் சிலருக்குக் கொடுக்கின் அக்கா சாப்பிடுகிற அதே இமாட்டினிப் கேட்கும். அதனால் பிராஃப் மட்டும் பார்க்காமல் என்ராஸ், கிட் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் ஏன் என்று கேட்டீர்கள். பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்போம், அந்த மெழுகுக் கட்டியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிதாகச் சீவி எடுக்க வேண்டும். நோய்க்குறியியல் டாக்டர் ஸ்லைடில் பேனாவால் வட்டம் போட்டுத் தருவார், "இதற்குள்தான் புற்று, வெளியே நல்ல தோல்" என்று. அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பிளேடால் சுரண்டிக் குழாயில் போட வேண்டும். நல்ல தோல் கலந்துவிட்டால் பிழை இருந்தும் இல்லை என்று வரும். அப்புறம் மெலனோமாவுக்கே உரிய தொல்லை ஒன்று: அந்தக் கருப்பு நிறமி இருக்கிறதே, அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கிற பிசிஆர் வினையைக் கெடுத்துவிடும். குழாயில் டீத்தண்ணீர் நிறத்தில் தெரியும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு வேலை ஓடாது என்று. கழுவி, நீர்த்து, மறுபடி முதலிலிருந்து. சாயம் போட்டுப் பார்க்கிற முறையிலும் பழுப்புச் சாயம் உதவாது, நிறமியும் பழுப்பு, சாயமும் பழுப்பு. சிவப்புதான் போட வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் உள்ளங்கால் கட்டி என்றால் நாங்கள் ரொட்டேஷனில் போகிற டீயைக்கூட ஒத்திவைப்போம். அவசரம் எங்களுக்கும் தெரியும் தம்பி.

முடிவு வந்ததும் அந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும், இன்னொரு சோதனை வேண்டுமானாலும், மறுபடி காலை வெட்ட வேண்டாம்.

கடைசி_பெஞ்ச் | வியாழன், காலை 8:00

குடலிலும் இதே பிராஃப் பிழை வருமாமே? பெரியப்பா ரிப்போர்ட்டில் பார்த்தேன். அப்போது இதே மாத்திரை போதுமா?

பயோடெக்_பாலா | வியாழன், காலை 8:40

போதாது. பெருங்குடலில் ஒற்றையாகக் கொடுத்தபோது நூற்றில் ஐந்து பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. அந்தச் செல்லில் இஜிஎஃப்ஆர் என்ற புரதம் நிறைய இருக்கிறது, பிராஃபை அடைத்த மறுநிமிஷம் அது பின்வாசல் வழியாக ராஸைத் திறந்துவிடும். இரண்டையும் அடைத்தால்தான் வேலை. அதற்கான ஜோடி 2020-இல் வந்தது, என்கோராஃபெனிபும் செடுக்ஸிமாபும். பெரியப்பாவின் டாக்டரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

தாமிரபரணி_தம்பி | 13 நாட்களுக்குப் பிறகு, மாலை 5:35

ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்படியே தட்டுகிறேன்.

பிராஃப் 600ஆவது இடம்: மாற்றம் இல்லை.
கிட்: மாற்றம் இல்லை.
என்ராஸ் கியூ61ஆர்: உள்ளது.

பாலா அண்ணன் சொன்ன அந்த 76 வயதுப் பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை.

மச்சினனிடம் அந்த மாத்திரையை வாங்கி வைக்கச் சொல்லியிருந்தேன் என்பதை உங்களிடம் சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுத்திருந்தான். திரும்ப வாங்கிவிட்டோம், 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

என்ராஸுக்கு அடைக்கிற மாத்திரை இருக்கிறதா?

மெல்பர்ன்_மதினி | அதே நாள், மாலை 6:20

என்ராஸை நேராக அடைக்கிற மருந்து வழக்கச் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. கீழே உள்ள மெக்கை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள், பினிமெடினிப் என்ற மருந்தால். டகார்பசினோடு ஒப்பிட்டபோது நோய் முன்னேறாத காலம் 1.5 மாதத்திலிருந்து 2.8 மாதம் ஆனது, ஆயுள் கூடவில்லை. முதல் சிகிச்சையாக அதை நாங்கள் எடுப்பதில்லை. நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்புகிற மருந்துகள்தான் முதலில். பிராஃப் பிழை இருக்கிறவர்களுக்கே இப்போது பெரும்பாலும் அதைத்தான் முதலில் கொடுக்கிறோம். இரண்டில் எதில் தொடங்குவது என்று ஒப்பிட்ட சோதனையில், நோயெதிர்ப்பு மருந்தில் தொடங்கியவர்கள் இரண்டு வருட முடிவில் 72 சதவீதம் இருந்தார்கள், மாத்திரையில் தொடங்கியவர்கள் 52 சதவீதம். உள்ளங்கால் வகையில் பலன் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. டாக்டர் என்ன சொன்னார்?

தாமிரபரணி_தம்பி | அதே நாள், இரவு 7:05

நீங்கள் சொன்ன நோயெதிர்ப்பு மருந்துதான் மதினி, பெம்ப்ரோலிசுமாப் என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ட்ரிப்ஸ். நாளை மறுநாள் முதல் தடவை. பணத்துக்கு ஒரு அறக்கட்டளையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், மீதிக்குக் கிழக்கு வயலை ஒத்திக்கு விடுகிறார்கள். சித்தப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டோம். "செருப்புப் போடாமல் நடந்ததாலா?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் எல்லோரும் மரபணுப் பிழை பற்றி எழுதியதை வைத்து, இல்லை என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை, புதுச் செருப்போடு வயலுக்குப் போகிறார்.

பாரஃபின் அக்கா சொன்னபடி மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிவிட்டேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது, இதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது. சித்தி அதை மஞ்சள் துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பாரஃபின்_கட்டி | அதே நாள், இரவு 7:09

ஐயோ தம்பி, அடுப்புக்கு மேலே வேண்டாம், முதலில் அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மெழுகு உருகிவிடும். அரிசிப் பானைப் பக்கம் நிழலாக வைத்தால் போதும். சாமி படத்தையும் வேண்டுமானால் கூட நகர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.